ஏழாம் இலக்கம்

வென்ட்வேர்த்வில்
பெப்ரவரி 9

அன்புள்ள பேர்ள் மச்சாள்,

இந்த வெயிலிலாவது உங்கள் முழங்கால் சொல்வழி கேட்கிறதா? உங்கள் பிள்ளை அனோஜன் கிளேட்டனில் பல்கலைக்கழகம் போகப்போகிறான் என்று யோசிக்க எனக்கு வயதாகிறது. டெனிஸ் அண்ணா போனபோது அவனுக்கு மூன்று வயது. நானும் இவரும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிக் குழாய்களுக்கு இலக்கம் ஒட்டுவதே இன்னும் என் வேலை.

பேரவையில் இருந்து வாக்குச்சீட்டுகள் வந்துவிட்டன. இந்த முறை சின்ன விசயம் இல்லை. ஊரில் நடக்கப்போகும் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பேரவையும் ஒரு ஆளை நிறுத்தப்போகிறது. வெல்லப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாடு முழுக்க ஒரு தமிழ்ப் பெயர் சீட்டில் இருக்கும், நாங்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டலாம். ரொறன்ரோ கிளை பொனிபஸ் அண்ணையைக் கேட்டிருக்கிறது, லண்டன் கிளை மயூராவைக் கேட்டிருக்கிறது. மூன்றாவது கிளை நாங்கள்தான், அதனால் நாங்கள் யாரைச் சொல்கிறோமோ அவர்தான் வேட்பாளர்.

எனக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. பொனிபஸ் அண்ணை சட்டத்தரணி, மூன்று மொழியும் பேசுவார், கெட்ட காலத்தில் பேரவையை மூடாமல் வைத்திருந்தவர், எத்தனையோ குடும்பங்களை வெளியே அனுப்பியவர். மயூராவுக்கு மீனவர் சங்கத்துக்கு வெளியே பெயர் இல்லை. ஆனால் காணாமல் போனவர்களுக்காக போராடும் தாய்மாரோடு தெருவோரம் நாலு வருசம் குந்தியிருந்தவள். எங்கள் கிளையின் ஜெகதீஷ் அங்கிள் நேற்றுக் கடையில் வைத்துச் சொன்னார், "பிள்ளை, றோட்டில குந்தியிருந்தா ஜனாதிபதி ஆகலாமெண்டா எங்கட ஊர் ஆடு மாடெல்லாம் ஆகியிருக்கும்." நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது.

உங்கள் சீட்டையும் அண்ணாவின் சீட்டையும் வைத்திருக்கிறேன். காணாமல் போனவர்களின் பெயரை வெட்டுவதில்லை என்ற விதி இருக்கும் வரை பட்டியலில் ஏழாம் இலக்கம் அவர்தான். அவருடைய சீட்டை வழமைபோல ஒன்றும் எழுதாமல் உறைக்குள் ஒட்டித் திருப்பி அனுப்புங்கள். உங்கள் சீட்டில் மட்டும் "ஏன்" என்ற கோட்டில் ஒரு வரி எழுத மறக்க வேண்டாம். தொலைபேசியில் இதைப் பேசக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடும் மாறவில்லை, அதனால்தான் கடிதம்.

உங்கள் பிரார்த்தனையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலி


சேசு மரி சூசை துணை

ஸ்பிரிங்வேல்
மார்ச் 4

அன்பு அஞ்சலிக்கு,

உம்முடைய கடிதம் சுகமாக வந்தது. முழங்கால் அப்படியே. அனோஜனுக்கு வகுப்புத் தொடங்கிவிட்டது, ஒரு நாளைக்கு மூன்று சொல் பேசுகிறான், அதில் இரண்டு ஆங்கிலம். சந்தையில் பாரை மீன் நல்லதாக வருகிறது. நீர் இருந்தால் ஒரு சொதி வைத்திருப்பேன்.

இரண்டு உறையும் வெவ்வேறாகத் தபாலில் போடுகிறேன்.

பொனிபஸ் போன கிழமை ஊரில் இருந்து தொலைபேசி எடுத்தவர். நீர் சொன்ன கட்டுப்பாடு அவருக்கு இல்லைப் போல. அனோஜனின் படிப்பைப் பற்றி விசாரித்தார். என்னுடைய பழைய பத்திரங்கள் எல்லாம் இன்னும் தன்னிடம் கவனமாக இருப்பதாகச் சொன்னார்.

வேறு விசேசம் இல்லை. ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக.

பேர்ள்


வென்ட்வேர்த்வில்
மார்ச் 18

அன்புள்ள மச்சாள்,

தவக்காலம் நல்லபடி போகிறதா? உடம்பைப் பார்த்து ஒருசந்தி நோன்பு பிடியுங்கள்.

நேற்று எண்ணி முடித்தோம். உயிரோடு இருக்கும் இருபத்திரண்டு பேரில் பதினொன்று பொனிபஸ் அண்ணைக்கு, பதினொன்று மயூராவுக்கு. ஜெகதீஷ் அங்கிளும் உங்கள் ஸ்பிரிங்வேல் பக்கத்தில் இருந்து வந்த நரேனும் என் இரு புறமும் இருந்து பார்த்தார்கள். மயூரா பத்துக்கு வந்ததும் நரேன், "அங்கிள், ஆடு மாடு வருது" என்றான். அங்கிளுக்குக் காது சிவந்துவிட்டது. சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு என்பது விதி. ஆறு கிழமைக்குள் ஆட்சேபம் வராவிட்டால் பொனிபஸ் அண்ணைதான்.

கடைசியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வெறுமையாக விட்டிருந்த ஏழாவது கதிரையைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் சொல்வதுபோல, "ஏழாம் இலக்கம், இன்னும் வரவில்லை" என்று வாசித்தேன். வாசிக்கும்போது அண்ணாவின் சீட்டு என் கைப்பைக்குள் இருந்தது.

மச்சாள், நான் அதைத் திறக்க நினைக்கவில்லை. அவருடைய உறை வியாழக்கிழமை வந்தது. பத்து நாளாக இங்கே ஒரு துளி மழை இல்லை. தபால் பெட்டிக்குள் இருந்த மற்றக் கடிதங்கள் எல்லாம் காய்ந்திருந்தன. அந்த ஒரு உறை மட்டும் நனைந்து, கையில் எடுத்தபோது விரல் விறைக்கிற மாதிரிக் குளிர்ந்தது. பசை விட்டிருந்தது. காயவைக்கலாம் என்று சீட்டை வெளியே எடுத்தேன். மயூராவின் பெயருக்கு நேரே அடையாளம். "ஏன்" என்ற கோட்டில் இப்படி இருந்தது:

"இங்கேயே இரு, வாறன் என்று பொனிபஸ் அண்ணை சொன்னார். இன்னும் வரவில்லை."

இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. இடது கையால் எழுதுகிறவர்களுக்கு வருவதுபோல, உள்ளங்கை உரசி மை இழுபட்டிருந்தது. அண்ணாவின் பள்ளிக்கூடக் கொப்பிகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் எழுதினீர்களா? எழுதியிருந்தால் நான் கோபிக்க மாட்டேன். ஆனால் எனக்கு உண்மை தெரிய வேண்டும். அண்ணாவை அடையாளம் தெரியாதவர்கள் வீட்டில் வந்து கூட்டிப்போனதாகத்தானே எல்லோருக்கும் தெரியும். அதில் பொனிபஸ் அண்ணை எங்கே வந்தார்?

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அஞ்சலி


சேசு மரி சூசை துணை

ஸ்பிரிங்வேல்
ஏப்ரல் 3

அன்பு அஞ்சலிக்கு,

உயிர்த்த ஞாயிறு நல்லபடி முடிந்தது. கோவிலில் சனம் கொள்ளவில்லை. உமக்கும் உம் வீட்டுக்காரருக்கும் என் வாழ்த்து. பலகாரம் செய்தேன், இனிப்புக் கூடிவிட்டது.

நீர் எழுதியதை வாசித்தேன். நான் எழுதவில்லை. அந்தக் கடதாசியை எரித்துவிடும்.

அனோஜனுக்கு இருமல். மழைக்காலம் வரப்போகிறது, உடம்பைக் கவனியும்.

பேர்ள்


வென்ட்வேர்த்வில்
ஏப்ரல் 8

அன்புள்ள மச்சாள்,

அனோஜனுக்கு இருமல் விட்டதா? கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருப்பீர்கள். இங்கே சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நித்திரை சரியில்லை.

நான் எரிக்கவில்லை. அந்தச் சீட்டு இன்னும் காயவும் இல்லை. இஸ்திரி வைத்தும் பார்த்தேன். மூன்று கிழமையாக ஒரு கடதாசி ஈரமாக இருப்பதை நான் எந்த ஆய்வுகூடத்திலும் கண்டதில்லை.

சனிக்கிழமை பழைய பெட்டியைத் திறந்தேன், எனக்கு முன் செயலாளராக இருந்தவர் ஒப்படைத்த பெட்டி. நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த பிறகு பேரவை ஐந்து முறை வாக்கெடுத்திருக்கிறது. ஐந்து முறையும் ஏழாம் இலக்கத்தின் உறை திரும்பி வந்திருக்கிறது. ஐந்தும் ஒட்டினபடி இருந்தன. அண்ணாவுக்கு மரியாதை என்று நினைத்து நாங்கள் யாரும் திறக்கவில்லை. எழுந்து நின்றோம், தலை குனிந்தோம், பெட்டிக்குள் போட்டோம்.

நான் ஐந்தையும் பிரித்தேன். ஐந்து சீட்டிலும் இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் ஒரே வரி: "பொனிபஸிடம் கேளுங்கள்."

பதினைந்து வருசமாக ஒருவர் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் அதற்கு மரியாதை செய்துகொண்டிருந்தோம்.

மச்சாள், அந்த ஐந்தும் நீலக் குமிழ்முனைப் பேனை. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதும் அதே நீலம். இந்த முறை வந்ததில் கறுப்பு மை. தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். ஏப்ரல் 28 ஆட்சேபத்துக்குக் கடைசி நாள்.

என்றும் உங்கள்,
அஞ்சலி


ஸ்பிரிங்வேல்
ஏப்ரல் 15

அஞ்சலி,

இந்த முறை மேலே திருக்குடும்பத்தின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதி முடித்த பிறகு வருமோ தெரியாது. சுகம் விசாரிக்காததற்கு மன்னியும்.

உம்முடைய அண்ணா வீட்டில் இருந்து போகவில்லை. அன்று மத்தியானம் பொனிபஸ் மோட்டார் சைக்கிளில் வந்தவர். "உன்ர பெயரை ஆமிக்குக் குடுத்திட்டாங்கள், உடனே வா, ஃபாதரிட்டக் கொண்டுபோய் விடுறன்" என்று கூட்டிப்போனார். உம்முடைய அண்ணா சோறு சாப்பிடவில்லை. நான் சோற்றைக் கட்டிக்கொண்டு, அனோஜனை இடுப்பில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் சத்தம் போன பக்கமாகக் குறுக்கு வழியால் நடந்து போனேன். கடற்கரையில் மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலை உமக்கு ஞாபகம் இருக்கும். அங்கேதான் இறக்கினார். நான் உப்புக் கொட்டிலடியில் வரும்போது பொனிபஸின் குரல் கேட்டது. "டெனிஸ், இங்கேயே இரு, வாறன்."

உம்முடைய அண்ணா உள்ளே போய்ப் படியில் இருந்தார். நல்ல பிள்ளை மாதிரி இருந்தார், அஞ்சலி. நான் கிட்டப் போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் கண்ணுக்குத் தெரியும் என்று பயந்தேன். அரை மணித்தியாலத்தில் வான் வந்தது. பின்னால் மோட்டார் சைக்கிள். அது வளைவிலேயே நின்றது. பொனிபஸ் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

அவருடைய இரண்டு பொடியன்களும் அப்போது தடுப்பு முகாமில் இருந்தார்கள். அடுத்த கிழமை வெளியே வந்தார்கள். அதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் தட்டச்சு அடித்த சத்தியக்கடதாசியோடு வந்தார். அடையாளம் தெரியாதவர்கள், வீட்டில் இருந்து. "இதில கையெழுத்து வை பேர்ள், உன்னையும் பிள்ளையையும் நான் வெளியில எடுக்கிறன்." வைத்தேன். அந்தக் கடதாசியில்தான் இந்த நாட்டுக்கு வந்தோம். அவர் சொன்னபடி செய்தார். அதனால் இத்தனை வருசம் அவருக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஐந்து சீட்டையும் நான் எழுதினேன். குசினி மேசையில் இருந்து, இடது கையால், அவரைப்போல. யாராவது ஒருநாள் திறப்பார்கள் என்று நினைத்தேன். திறக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேனோ, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த முறை நான் எழுதவில்லை. பொனிபஸ் தொலைபேசியில் பத்திரங்களைப் பற்றிச் சொன்ன பிறகு, அவருடைய சீட்டுக்கு நான் பேனை எடுக்கவில்லை. அந்தக் கடதாசி பொய் என்று தெரிந்தால் அனோஜனை என்ன செய்வார்கள்? சீட்டை வெறுமையாக மடித்து வைத்து ஒட்டினேன். பொனிபஸ் சொன்ன அந்த வார்த்தையை நான் ஒரு ஆளுக்கும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூட. அதை அறிந்தவர்கள் அவரும் பொனிபஸும் நானும்தான்.

பதினைந்து வருசம் அவருக்காக நான் எழுதினேன். நான் வாய் மூடின முதல் தடவை அவரே எழுதிவிட்டார்.

பேர்ள்


வென்ட்வேர்த்வில்
ஏப்ரல் 19

மச்சாள்,

இந்தக் கடிதத்தைக் கையில் எடுக்கும்போது நீங்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிடாவிட்டால் முதலில் சாப்பிடுங்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தப் பெட்டியை ஆறு வருசமாக என் அலுமாரியில் வைத்திருந்தவள் நான்.

எவர் எழுதினார் என்று சொல்ல முடியாத ஒரு சீட்டை நான் எண்ண முடியாது. என் ஆய்வுகூடத்துக் குழாய் எல்லாவற்றுக்கும் இலக்கம் வேண்டும், ஆள் வேண்டும். ஆனால் நீங்கள் பட்டியலில் எட்டாம் இலக்கம். உயிரோடு இருப்பவர். கூட்டத்துக்கு வந்து ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதைச் சொன்னால் சத்தியக்கடதாசியும் வெளியே வரும். பரமட்டாவில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். பயத்தில் வைத்த கையெழுத்து என்று வாதாடலாம் என்றார். உறுதி தரவில்லை. அதை உங்களுக்கு மறைக்க மாட்டேன்.

நீங்கள் வராவிட்டால் 28ஆம் திகதி பின்னேரம் பொனிபஸ் அண்ணையின் பெயரை அனுப்புவேன். பிறகும் உங்களுக்குக் கடிதம் எழுதுவேன்.

அஞ்சலி


ஸ்பிரிங்வேல்
ஏப்ரல் 24

அஞ்சலி,

அனோஜனிடம் எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டான். பிறகு தமிழில் கேட்டான், "அம்மா, அப்பா சாப்பிடாமலா இருந்தவர்?"

சனிக்கிழமை ரயிலில் வருகிறோம். அவனுக்குப் படுக்க ஒரு பாய் போதும்.

பேர்ள்


வென்ட்வேர்த்வில்
மே 20

அன்புள்ள மச்சாள்,

பயணக் களைப்புத் தீர்ந்ததா? அனோஜன் வாங்கிக்கொண்டு போன மாசிக் கருவாட்டுப் போத்தல் உடையாமல் போய்ச் சேர்ந்ததா?

அன்று என்ன பேசினேன் என்றே ஞாபகமில்லை என்று புறப்படும்போது சொன்னீர்கள். கூட்டக் குறிப்பில் உள்ளதை எழுதுகிறேன். நீங்கள் ஏழாவது கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, எனக்கு எழுதியதையே சொன்னீர்கள், அவருடைய பொடியன்களைப் பற்றிச் சொன்னது உட்பட. ஜெகதீஷ் அங்கிள் இடையில் எழும்பி, "இவ்வளவு நாளும் எங்க பிள்ளை போனனீங்கள்?" என்று கேட்டார். நீங்கள், "உங்கட பெட்டிக்குள்ளதான் இருந்தனான் அங்கிள்" என்றீர்கள். அங்கிள் கையை உயர்த்தித் தன் வாக்கை மாற்றினார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர்.

பொனிபஸ் அண்ணையிடம் தலைமைக் குழு விளக்கம் கேட்டிருக்கிறது. அவர் மறுக்கவில்லை. "விலகுகிறேன்" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறார். பத்திரங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒன்று மட்டும் குறிப்பில் இல்லை. நீங்கள் போன பிறகு கதிரைகளை அடுக்கினேன். நீங்கள் பிடித்திருந்த கதிரையின் இருக்கையில் ஈரம். யாராவது தண்ணீர் சிந்தியிருக்கலாம். துடைத்தேன், விரல் விறைத்தது.

மயூராவை உறுதிப்படுத்தும் சீட்டுகள் இத்துடன். ஏழாம் இலக்கமும் இருக்கிறது. விதி இன்னும் விதிதான்.

உங்களை நினைத்தபடி,
அஞ்சலி


சேசு மரி சூசை துணை

ஸ்பிரிங்வேல்
ஜூன் 3, திங்கள்

அன்பு அஞ்சலிக்கு,

மாசி பத்திரமாக வந்தது. குளிர் தொடங்கிவிட்டது, காலுக்குக் கம்பளிக் காலுறை போடுகிறேன். நீரும் போடும்.

இன்று பின்னேரம் நானும் அனோஜனும் மேசையில் இருந்து அவருடைய சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தோம். வெறும் கடதாசி. அனோஜன்தான் மடித்தான், அவன்தான் ஒட்டினான். நாளைக்கு வகுப்புக்குப் போகிற வழியில் போடுவான். அவனுக்கு இதெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒட்டுவதற்கு முன் உறைக்குள் ஒரு பேனையை வைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஆண்டவர் துணை.

பேர்ள்


வென்ட்வேர்த்வில்
ஜூன் 11

அன்புள்ள மச்சாள்,

உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். அனோஜன் பக்கத்தில் இருக்கட்டும்.

நேற்றுப் பேரவையின் சுற்றறிக்கை வந்தது. பொனிபஸ் அண்ணை செவ்வாய்க்கிழமை காலை ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை ஐஸ் தொழிற்சாலையின் படியில் உயிரில்லாமல் இருக்கக் கண்டிருக்கிறார்கள். இருதயம் என்கிறார்கள். பக்கத்தில் ஒரு சோற்றுப் பொட்டலம், பிரிக்காதபடி. இரண்டு பேருக்குக் காணும் அளவு என்று எழுதியிருக்கிறார்கள். உடுப்பெல்லாம் தோய்ந்திருந்ததாம். அங்கே இப்போது மழை இல்லை.

இன்று காலை ஏழாம் இலக்கத்தின் உறை வந்தது. முத்திரைக் குறி ஜூன் 4, செவ்வாய். உறை நன்றாகக் காய்ந்திருந்தது. அனோஜன் ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. நான் திறந்தேன். கறுப்பு மை, உள்ளங்கை இழுத்த கறை.

"வந்துவிட்டார். நான் போகிறேன்."

அலுமாரிக்குப் போய்ப் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதுவும் காய்ந்துவிட்டது.

23ஆம் திகதி எண்ணும்போது ஏழாம் இலக்கத்துக்கு என்ன வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "இன்னும் வரவில்லை" என்று இனி என்னால் சொல்ல முடியாது. பெயரை வெட்டுவதென்றால் உறவினர் ஒப்புதல் வேண்டும், இறந்த திகதியும் வேண்டும். நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் கைகளைப் பிடித்துக்கொள்ளும்,
அஞ்சலி


சேசு மரி சூசை துணை

ஸ்பிரிங்வேல்
ஜூன் 14

அன்பு அஞ்சலிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். உண்மையாகச் சுகம். நேற்று அனோஜன் கோவிலில் அப்பாவின் பெயருக்குப் பூசை கொடுத்தான். பொனிபஸின் பெயரையும் எழுதச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு எழுதினான்.

ஏழாம் இலக்கத்தை வெட்டிவிடும். என் ஒப்புதல் இதுதான்.

திகதி கேட்டிருந்தீர். அந்த மத்தியானத்தைப் போட வேண்டாம். ஜூன் 4, செவ்வாய் என்று போடும். அதுவரைக்கும் அவர் அங்கேதான் இருந்தார்.

பேர்ள்